நிலைக்காலில் மஞ்சள்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் அந்தத் தெருவில் தினமும் காலை ஏழரை மணிக்கு ஒரு சத்தம் கேட்கும். முதலில் 'தொம்' என்று ஒன்று. சற்று விட்டு இன்னொன்று. ஷ்யாம்சுந்தர் ஆபீசுக்குப் புறப்படுகிறார் என்று அர்த்தம். அவர் வீட்டு வாசல் கதவு ஒரு வருடமாக உதைத்தால்தான் திறக்கிறது. மழையில் ஊறி உப்பிய கதவு.

அந்தக் கதவின் அடிப்பகுதியை மாற்றிக் கொடுத்தவர் பம்மலிலிருந்து வந்த தச்சர் அப்துல் ரசாக். போன வருடம் செப்டம்பரில் மட்கிப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, புது மரம் கோத்துக் கொடுத்தார். "சீக்கிரம் பெயிண்ட் அடிச்சுடுங்க சார்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டும் போனார். "பொங்கலுக்கு மொத்த வீட்டுக்கும் அடிக்கத்தான் போறோம் பாய், அப்போ சேர்த்து அடிச்சுக்கலாம்" என்றார் ஷ்யாம்சுந்தர். இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் பொங்கலுக்குத்தான் பெயிண்ட். மழை பொங்கல் வரை காத்திருக்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் வந்தது. வெறும் மரம் இரண்டு மாதம் நனைந்தது. மார்கழியில் இணைப்பு வாய் பிளந்தது. ஷ்யாம்சுந்தர் அதைப் படம் எடுத்துத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'பம்மல் பாய் வேலை. ஜாக்கிரதை.'

அதன்பிறகு அந்தத் தெருவில் ஒருவரும் ரசாக்கைக் கூப்பிடவில்லை. மர ஜன்னல், மரக்கதவு வைத்த வீடுகள் அங்கே பதினொன்று உண்டு. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று மட்கிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது?

ஒரு வருடம் கழித்துச் சரோஜினி கூப்பிட்டாள். தாம்பரம் தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஷ்யாம்சுந்தருக்கு நேர் எதிர் வீடு. கணவர் ரயிலில் கார்டு, வாரத்தில் பாதி நாள் வண்டியில்தான் இருப்பார்.

"குழுவுல போட்டதைப் பாக்கலையா மேடம்?" என்று கேட்டார் ரசாக், கேட்டுக்கு வெளியிலேயே நின்று.

"பாத்தேன். இதையும்தான் பாத்தேன்." கேட்டில் தொங்கிய மரத் தபால் பெட்டியைத் தட்டிக் காட்டினாள். போன வருடம் எதிர் வீட்டு வேலை முடிந்து கிளம்பும்போது, அதன் மூடி காற்றில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, யாரும் கேட்காமலே இரண்டு ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தார் ரசாக். அவருக்கே அது மறந்து போயிருந்தது.

நிலைக்கால் இரண்டிலும் கீழே ஒரு முழத்துக்கு விரல் அழுத்தினால் உள்ளே போயிற்று. கதவின் அடிச்சட்டமும் அப்படியே. கிழக்குப் பார்த்த வாசல். மேலே நீட்டியிருந்த சிமெண்ட் பலகை மிகவும் குட்டை. ஐப்பசிச் சாரல் நேராக வந்து அறையும் இடம்.

"வேலை செய்யறேன் மேடம். ஆனா ஒரு பேச்சு கீது."

"சொல்லுங்க பாய்."

"பெயிண்டரு யாரு, என்னிக்கு வருவாருன்னு மொதல்ல சொல்லுங்க. அப்பறம்தான் நான் உளிய எடுப்பேன்."

"பெயிண்டரா? பொங்கலுக்கு..."

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க மேடம். கேட்டாலே எனக்கு எதிர் வூட்டுக் கதவு சத்தம் காதுல விழுது."

சரோஜினி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "தச்சன் முடிச்சுட்டுப் போயிடுவான். பெயிண்டர் அவன் நேரத்துக்கு வருவான். நடுவுல கீற நாள்லதான் மரம் சாவுது. இந்தத் தடவ அந்த நடுநாள நான் வுட மாட்டேன். இதுவும் ஊறிப் போச்சுன்னா இந்தத் தெருவுல மட்டும் இல்ல, சேலையூர்லயே என் பேரு முடிஞ்சுடும்" என்றார்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய வீடு இடித்த தேக்கு உத்தரத் துண்டு ஒன்று தேடி வாங்கினார். நன்றாகக் காய்ந்த மரம். மட்கியதைச் சாய்வாக வெட்டி எடுத்து, புதுத்துண்டை அதே சாய்வில் பொருத்தி, பசை போட்டு இறுக்கினார். வேலை முடிந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை. பசை காய ஒரு நாள் வேண்டும். பெயிண்டர் குமரவேலுக்கும் அந்த ஒரு நாள் தோதாகவே இருந்தது.

"நாளைக்கு பிரஷ்ஷு பூஜையில இருக்கும் பாய், தொட மாட்டேன். விஜயதசமி காலையில மொத வேலையே உன் கதவுதான். பிரைமர் அடிச்சுட்டு, நான் பல்லாவரத்துல ஒரு கடைக்கு பெயிண்ட் அடிக்க ஓடணும்."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விஜயதசமி மாலையிலிருந்து மழை என்று டிவியில் சொன்னார்கள். காலையில் பிரைமர் அடித்தால் மாலைக்குள் காய்ந்துவிடும்.

பூஜை நாள் முழுதும் ரசாக் பம்மலில் தன் வீட்டு மாடியில் ஏறி ஏறி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கதவைப் பெத்துப் போட்டுட்டு வந்தவர் மாதிரி அலையாதீங்க" என்றாள் மனைவி பஷீரா. "நாளைக்கு அடிச்சுடுவீங்க இல்ல? அல்லாஹ் மழையை அதுவரைக்கும் புடிச்சு வெப்பான். வந்து சாப்பிடுங்க."

விஜயதசமியன்று காலை ஏழு மணிக்கு ரசாக்கும் குமரவேலும் சரோஜினி வீட்டு வாசலில் இறங்கினார்கள். ரசாக் வண்டியை நிறுத்தக்கூட மறந்து அப்படியே நின்றார்.

அவர் மாற்றியிருந்த புது மரம், இரண்டு பக்கமும், கதவின் அடிச்சட்டம் உட்பட, பளபளவென்று மஞ்சளாக இருந்தது. அதன்மேல் வரிசையாகக் குங்குமப் பொட்டுகள்.

சரோஜினி ஒரு கிண்ணத்தில் சுண்டலோடு வந்தாள். "பாத்தீங்களா பாய்? நேத்து பூஜையில உங்க வேலைக்குத்தான் முதல் மரியாதை. மஞ்சளை நல்லெண்ணெயில குழைச்சு மூணு தடவை பூசினேன். புது மரம் இல்லையா, எவ்வளவு பூசினாலும் குடிச்சுடுது!"

ரசாக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் போட்டுக்கொண்டார். கண் மட்டும் அந்த மஞ்சளிலேயே இருந்தது.

அவள் உள்ளே போனதும் குமரவேல் ஓர் ஓரத்தில் பிரைமரைத் தொட்டு இழுத்துப் பார்த்தான். தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் போல அது ஒன்றுகூடித் திட்டுத் திட்டாக நின்றது. நடுவில் மஞ்சள் தெரிந்தது.

"இன்னா பாய் இது, மொத இழுப்பே ஒட்ட மாட்டேங்குது" என்று அவன் முகம் வாடியது. விஜயதசமியில் பிரஷ் இழுக்கும் முதல் இழுப்பு எப்படியோ அப்படித்தான் வருடம் முழுதும் என்று நம்புகிறவன் அவன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மேல ரெண்டு கோட்டு ஏத்திடலாம். எவனுக்குத் தெரியப் போவுது? மழைக்கு இன்னா, கண்ணா கீது?"

"கண்ணு இல்ல குமாரு. வாய் கீது" என்றார் ரசாக்.

எதிர் வீட்டு கேட்டில் ஷ்யாம்சுந்தர் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். விடுமுறை நாள். "என்ன பாய், பூஜை போட்டும் பெயிண்ட் ஒட்டலையா?" என்று தெருவைத் தாண்டிக் கேட்டார்.

ரசாக் எண்ணெய் ஊறிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எண்ணெய் ஊறிய இடத்தைத் தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்து எடுக்க வேண்டும். ஆனால் விஜயதசமி காலையில், ஒரு வீட்டு நிலைக்காலின் குங்குமத்தைத் தன் கையால் எப்படித் தேய்ப்பது? அதுவும் தெருவே பார்த்துக்கொண்டிருக்க. அன்போடு செய்த ஒன்று கெடுதலாகிவிட்டது என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பிரைமர் சரியில்லை, வேறு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிடலாம். அவள் மனம் நோகாது. ஆனால் பழி குமரவேல் வாங்கி வந்த டப்பாவின் மேல் விழும். ஒருவர் மனம் நோகாமல் இருக்க இன்னொருவர் மேல் பழி போடுவது இரக்கம் ஆகாது. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுக் கதவைத் தட்டினார்.

"மேடம், நீங்க தப்பு எதுவும் பண்ணல. அத மொதல்ல சொல்லிடறேன்" என்றார். "இத்தினி வருஷமா பெயிண்ட் மேல மஞ்சள் வெச்சீங்க. அது மேலயே நின்னுச்சு. இப்ப வெறும் மரம். எண்ணெய் உள்ள பூந்துடுச்சு. எண்ணெய் கீற எடத்துல பிரைமர் புடிக்காது. பிரைமர் புடிக்கலன்னா சாயங்காலம் மழ உள்ள போவும். தேச்சு எடுத்தாத்தான் ஆவும். ஆனா நல்ல நாளு. குங்குமம். நான் எப்படி மேடம் கைய வெப்பேன்?"

சரோஜினி நிலைக்காலைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போயிற்று. கணவர் அன்று வண்டியில் இருந்தார். அவர் ரயிலில் இருக்கும் நாட்களில் அவள் வாசலில் விளக்கு வைக்காமல் இருந்ததில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள்.

"கோச்சுக்கினாங்க" என்றான் குமரவேல். "போச்சு. கெளம்பு பாய்."

"இரு."

ஐந்து நிமிடம் கழித்து அவள் ஒரு பித்தளைத் தட்டும் வெள்ளைத் துணியும் கொண்டு வந்தாள். நிலைக்காலின் முன் உட்கார்ந்து, கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். பிறகு ஒவ்வொரு பொட்டையும் துணியில் ஒற்றி எடுத்துத் தட்டில் வைத்தாள். "இதைத் துளசிச் செடிக்குப் போட்டுடறேன்" என்றாள். "வீட்டைக் காப்பாத்தணும்னுதானே மஞ்சள் வைக்கறோம். வீடு நனையறதுக்கா?" ரசாக்கிடம் கையை நீட்டினாள். "அந்த உப்புத்தாளைக் குடுங்க. முதல்ல நான் தேய்க்கறேன். அப்புறம் உங்களுக்கு உறுத்தாது இல்லையா?"

அவள் நாலு முறை தேய்த்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். அதன்பிறகு ரசாக்கின் கை நிற்கவே இல்லை.

உப்புத்தாளில் மஞ்சள் பொடி அப்பிக்கொண்டு வந்தது. தாளை மாற்றி மாற்றித் தேய்த்தார். பிறகு தின்னரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் துணி. அழுக்குத் துணியால் மறுபடி துடைத்தால் எடுத்த எண்ணெயையே திரும்பப் பூசியதாகும். மணி எட்டரை ஆயிற்று. பல்லாவரத்துக் கடைக்காரர் போன் செய்தார். குமரவேல் எடுத்து, "ஒரு மணி நேரம் லேட்டு சார்" என்றான். எதிர்முனைக் கத்தல் வெளியில் கேட்டது.

"நீ போ குமாரு. நான் அடிச்சுக்கறேன்" என்றார் ரசாக்.

"கத்தட்டும் பாய். என் மொத இழுப்பு இங்க பாழாப் போய்க் கெடக்குது. அத நல்லா இழுக்காம நான் எங்க போறது?"

ஒன்பது மணிக்குத் துணி தீர்ந்துவிட்டது. துடைத்த துணியில் இன்னும் மஞ்சள் வந்துகொண்டிருந்தது. சரோஜினி உள்ளே தேடிக்கொண்டிருந்தாள்.

ஷ்யாம்சுந்தர் தெருவைத் தாண்டி வந்தார். "ஒரே இடத்தை எத்தனை தடவைதான் துடைப்பீங்க? பாத்துப் பாத்து எனக்கே கை வலிக்குது."

"துணி வெள்ளையா வர வரைக்கும் சார்."

"வரலைன்னா?"

"வரும் சார். துணிதான் இல்ல."

ஷ்யாம்சுந்தர் கீழே குவிந்து கிடந்த மஞ்சள் துணிகளைப் பார்த்தார். திரும்பித் தன் வீட்டுக்குப் போனார். 'தொம்.' குமரவேல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ரசாக் தலையைக் குனிந்துகொண்டார். பத்து நிமிடத்தில் உள்ளிருந்து இன்னொரு 'தொம்'. பழைய பனியனும் கிழிந்த வேட்டியும் ஒரு மூட்டையாக வந்து சேர்ந்தன.

"வேஸ்ட்டா கிடந்துது" என்றார் ஷ்யாம்சுந்தர், யாரையும் பார்க்காமல்.

அந்த வேட்டியில் ஆறாவது துண்டு வெள்ளையாகவே திரும்பி வந்தது. தின்னர் ஆவியாகிப் போக அரை மணி நேரம் விட்டார்கள். குமரவேல் பிரஷ்ஷைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முருகா" என்று மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தான். பிரைமர் ஓர் இடைவெளி இல்லாமல் மரத்தோடு ஒட்டிக்கொண்டது. அவன் எழுந்து நின்று ரசித்தான். "தோ பாரு பாய், இதான் மொத இழுப்பு. காலையில இழுத்தது கணக்குல கெடையாது." இரண்டு நிலைக்கால்களையும் முடித்துவிட்டு, பூஜையில் வைத்த அந்தப் பிரஷ்ஷை ரசாக்கின் கையில் கொடுத்தான். "மீதிய நீ அடி. சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்" என்று பல்லாவரத்துக்குப் பறந்தான்.

மீதி என்பது கதவு. ரசாக் கீலின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"கதவை ஏன் கழட்டறீங்க? நிக்க வெச்சே அடிக்கலாமே?" என்றார் ஷ்யாம்சுந்தர்.

"அடிப்பக்கத்துக்கு பிரஷ்ஷு போவாது சார். கொஞ்சம் புடிங்க."

வேறு வழியில்லாமல் ஷ்யாம்சுந்தர் கதவின் மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாக அதைத் தூக்கி வந்து இரண்டு ஸ்டூல்களின் மேல் படுக்க வைத்தார்கள். ரசாக் கீழே குந்தி, தரையைப் பார்த்தே கிடக்கும் அந்த விளிம்பைத் தேய்த்துத் துடைத்து, பிரைமரை அழுத்தி அழுத்திப் புகட்டினார்.

"யாரும் பாக்காத இடத்துக்கு இவ்வளவா?"

"மனுசன் குனிஞ்சு பாக்க மாட்டான் சார். மழ குனிஞ்சு பாக்கும். மரத்த வெட்டின வாய் இங்கதான் கீது. இத வுட்டுட்டு மேல எத்தினி கோட்டு அடிச்சாலும் ஒண்ணுதான்."

ஷ்யாம்சுந்தர் எதிரே தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பொங்கலுக்கு அவர் கதவுக்குப் பெயிண்ட் அடித்தபோது யாரும் அதைக் கழற்றவில்லை. அடியில் பிரஷ் படவும் இல்லை. அதை அவர் இப்போது நினைத்துக்கொண்டார் என்று முகத்தில் தெரிந்தது. ரசாக் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். தவறு தெரிந்துவிட்ட மனிதனை அந்த நேரத்தில் வேறு யாரும் இடித்துக்காட்டத் தேவையில்லை.

மதியம் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போக வேண்டியிருந்தது. கதவு திறந்தவெளியில் காய்ந்துகொண்டிருந்தது. "போயிட்டு வாங்க பாய், நான் இருக்கேன்" என்றார் ஷ்யாம்சுந்தர். ரசாக் திரும்பி வந்தபோது அவர் கதவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடித்த பேப்பரால் ஒரு பூனையை விரட்டிக்கொண்டிருந்தார். "மூணு தடவை வந்துடுச்சு பாய். பேஜார் பண்ணுது. மேல ஏற விடல." சரோஜினி இரண்டு பேருக்கும் எலுமிச்சைச் சாதம் கொண்டு வந்தாள்.

மூன்றரை மணிக்குக் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ரசாக் விரல் நுனியால் பிரைமரைத் தொட்டார். ஒட்டவில்லை. நாலரைக்குள் கதவை மாட்டி, வாசலுக்கு முன் தார்ப்பாயைக் கட்டினார்கள். கடைசி முடிச்சு போடும்போதே முதல் துளிகள் விழுந்தன. பிறகு தெரு முழுதும் ஒரே இரைச்சல்.

மூன்று நாள் விடாமல் பெய்தது. கேம்ப் ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்றார்கள். இரண்டாம் நாள் காற்று தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டதாகச் சரோஜினி போனில் சொன்னாள். ரசாக்குக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. "நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு. இனிமே அது அவன் பாடு" என்றாள் பஷீரா. அவர் தலையாட்டினார். தூங்கினாரா என்று தெரியவில்லை.

நான்காம் நாள் காலை வெயில் வந்தது. ஏழேகாலுக்கு ரசாக் அந்த வாசலில் இருந்தார். நிலைக்காலின் அடியில் இன்னும் நீர்த்துளிகள் முத்து முத்தாக நின்றன. ஒன்றும் உள்ளே போகவில்லை. துணியால் துடைத்து, நகத்தால் அழுத்திப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. இணைப்பில் ஒரு மயிரிழை கூடப் பிரியவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

சரோஜினி உள்ளிருந்து தாழ்ப்பாளை எடுத்தாள். ரசாக் ஒரே விரலால் கதவைத் தள்ளினார். அது சத்தமில்லாமல் திறந்தது.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஷ்யாம்சுந்தர். அவரும் ஒரு விரலை நீட்டினார். கதவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"போதும் சார், கீலு தேஞ்சுடும்" என்றாள் சரோஜினி.

"பாய்" என்றார் ஷ்யாம்சுந்தர். "எங்க வீட்டுக் கதவு..."

"ஒரு பேச்சு கீது சார்."

"தெரியும். பெயிண்டர் யாரு, என்னிக்குன்னுதானே? குமரவேல்கிட்ட பேசிட்டேன்." முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பிரைமர் டப்பாவை எடுத்துக் காட்டினார். "இதோ. பொங்கல்னு வாயைத் திறக்க மாட்டேன். குழுவுலயும் எழுதறேன். என் தப்பையும் சேர்த்துத்தான்."

ரசாக் டப்பாவை வாங்கி, காய்ந்துபோன சரக்கு இல்லையே என்று குலுக்கிப் பார்த்தார். "மழ நல்லா வுடட்டும் சார். உங்க மரம் ஒரு வருசமா தண்ணி குடிச்சிருக்கு. ஈரத்துல பூசினா அதுவும் தப்பு. காஞ்ச அன்னிக்கே வரேன்."

அன்று மதியம் குமரவேல் வந்து கதவுக்கும் நிலைக்கும் எனாமல் அடித்தான். அடுத்த வெள்ளிக்கிழமை சரோஜினி போன் செய்தாள். "இப்ப மஞ்சள் வைக்கலாமா பாய்?"

"தாராளமா வையுங்க மேடம். எண்ணெய் எவ்ளோ வேணா ஊத்துங்க."

கீலுக்கு எண்ணெய் போட ரசாக் மறுநாள் காலை வந்தபோது, காவி நிற எனாமலின் மேல் மஞ்சளும் குங்குமமும் அழகாக உட்கார்ந்திருந்தன. மணி ஏழரை. எதிர் வீட்டிலிருந்து 'தொம்' என்று ஒன்று. சற்று விட்டு இன்னொன்று. பையோடு வெளியே வந்த ஷ்யாம்சுந்தர் வானத்தைப் பார்த்தார்.

"வெயில் வந்துடுச்சே பாய்!"

"இன்னும் நாலு வெயில் வரணும் சார்" என்றார் ரசாக். "எண்ணிக்கினுதான் கீறேன்."